மாவாலைக் கழிவுநீரும் சவ்வு வடிகட்டியும்

பாவுக்குக் கஞ்சியிடும் நம் அங்கத்தினர்க்கு மாவுச்சத்து புதிதன்று. சேலம் வட்டாரத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து அதனை எடுக்கும் ஆலைகளுக்கென 1981-இல் ‘சேகோசர்வ்’ கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அவ்வாலைகளில், தொட்டியில் மாவு படிந்தபின் வழியும் நீரில் நுண்மாவும் புரதமும் சர்க்கரையும், கிழங்கிற்கே உரிய சயனைடு நஞ்சும் எஞ்சுகின்றன. நீர்நிலையில் விட்டால் அழுகி நாறும், மீன் மாளும். ஏரி வாரியம் கண்ட உத்திரமேரூரில் இக்கேட்டை விரித்துரைக்க வேண்டா.

நுண்துளைச் சவ்வின் வழியே இந்நீரை அழுத்திச் செலுத்தினால் மாவும் புரதமும் தடைபடும். கரைந்த சர்க்கரையோ தப்பிவிடும். அதனைத் தடுக்கக் குடிநீர் நிலையங்களில் காணும் ஆர்.ஓ. சவ்வு வேண்டும். புரதம் படிந்து துளைகள் அடைபடுவதே பெருந்தொல்லை. ஆகவே, முதலில் தெளியவைத்து, மூடிய கலத்தில் நொதிக்கவிட்டு எரிவாயு எடுத்தபின், எஞ்சிய நீரையே சவ்வுக்கு அனுப்புதல் சிக்கனம் என்பது எம் கருத்து. சவ்வு ஒதுக்கும் கெட்டிநீர் எங்கே போகும் என்பதையும் விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்குதல் வேண்டும்.