நெருக்கடியும் கட்சியின் திரிபும்

சொல்லோடு சொல் புணருமிடத்துத் தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூவகை விகாரங்கள் நிகழும் என்பதை நம் கல்லூரியின் கீழ்வகுப்பு மாணவனும் அறிவான். ஆங்கு எழுத்துத் திரியினும் சொல்லின் பொருள் கெடுவதில்லை. நாட்டுக்கு நெருக்கடி நேருங்கால் அரசியற் கட்சிகளும் விகாரமடைகின்றன. அவற்றின் பொருள் நிலைக்கின்றதா என்பதே ஆராயத்தக்கது. இதற்கு ஐக்கிய தேசியக் கட்சியின் வரலாறு தக்க சான்றாகும்.

1946இல் டி. எஸ். சேனநாயக்கா தலைமையில் எழுந்த இக்கட்சி, நிலவுடைமையாளரும் வணிகரும் ஆங்கிலங் கற்றோரும் கூடிய பழைமை பேணுங் கட்சி. இன இணக்கமும் படிப்படியான முன்னேற்றமும் தன் கொள்கை என்றது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அக்கொள்கைக்கு முதல் மாசாயிற்று. எனினும் 1952இல் 95 தொகுதிகளுள் 54 அதன் வசமாயின. காங்கேசன்துறையில் அக்கட்சியின் சு. நடேசபிள்ளை, செல்வநாயகத்தை வென்றார்.

பின்னர் வந்தது நெருக்கடி. கொரிய யுத்தம் தணிய, இறப்பர் விலை வீழ்ந்தது. அந்நியச் செலாவணி அருகியது. 1953இல் 25 சதமாயிருந்த ஒரு கொத்துப் பங்கீட்டரிசி 70 சதமாயிற்று. ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால் மூண்டது. ஒக்டோபரில் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். அவர்பின் வந்த சேர் ஜோன் கொத்தலாவலை 1954இல் யாழ்ப்பாணத்திலே இருமொழிக்கும் சம உரிமை தருவதாக உறுதி கூறினார். தெற்கிலே எதிர்ப்புக் கிளம்பியது. 1956 பெப்ரவரியில் களனி மாநாட்டிலே கட்சி தனிச் சிங்களத்தை ஏற்றது. அமைச்சராயிருந்த நடேசபிள்ளை உள்ளிட்ட தமிழர் விலகினர்.

விளைந்த பயன் யாது? ஏப்ரல் தேர்தலில் அக்கட்சி பெற்றவை 8 இடங்களே. தனிச் சிங்களம் வேண்டினோர்க்குப் பண்டாரநாயக்கா முன்னரே இருந்தார். அரிசி விலையை ஏழைகள் மறந்தாரல்லர். தமிழரோ நம்பிக்கை இழந்தனர். காங்கேசன்துறை மீண்டும் செல்வநாயகத்தின் தொகுதியாயிற்று.

அத்திரிபு அத்தேர்தலோடு ஒழியவில்லை. 1957இல் பண்டா–செல்வா ஒப்பந்தத்தை எதிர்த்து ஜே. ஆர். ஜெயவர்த்தனா கண்டி நோக்கி யாத்திரை புறப்பட்டார். 1965இல் டட்லி தாமே செல்வநாயகத்தோடு ஒப்பந்தஞ் செய்தார். அதிற் கூறிய மாவட்ட சபைகளோ 1968இற் கைவிடப்பட்டன.

அரசாங்க சேவையிலிருந்த நம் மூத்த பழைய மாணவர் பலர், 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் சுமையைத் தம் மேசையிலேயே கண்டவர். அவர் அறிந்த உண்மை இது: பழைமை பேணுங் கட்சிக்குச் செல்வமாவது கொடுத்த வாக்கைக் காத்தலே. காலத்துக்கேற்ப வழிமுறை திரியலாம். அச்சத்தால் வாக்குத் திரியின், கட்சியின் பெயர் நிற்கும், பொருள் நில்லாது.