எஃப்.ஐ.ஆரில் இருப்பவர் அவர்தானா?

தனியார் துப்பறியும் நிறுவனங்களை முறைப்படுத்த இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. காவலாளிகளை அனுப்பும் நிறுவனங்களுக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது; உரிமம் வாங்கியாக வேண்டும். துப்பறிவோருக்கென்று 2007இல் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்ட மசோதா சட்டமாகவில்லை. ஓர் அறையும் பெயர்ப்பலகையும் இருந்தால் தொழிலைத் தொடங்கிவிடலாம் என்ற நிலைதான் நீடிக்கிறது.

தமிழ்வாணனின் கதைகளில் வரும் துப்பறிவாளர் சங்கர்லாலுக்கு வாய்த்த செல்வாக்கு எதுவும் நிஜத் துப்பறிவாளருக்குக் கிடையாது. சட்டத்தின் கண்ணில் அவர் சாதாரணக் குடிமகன். ஒருவரை அழைத்து விசாரிக்கவோ, வீட்டைச் சோதனையிடவோ, வங்கிக் கணக்கைக் கேட்கவோ அவருக்கு அதிகாரமில்லை. ஒருவர் யாரிடமெல்லாம் பேசினார் என்ற தொலைபேசி அழைப்புப் பட்டியலைக் காவல்துறையே உரிய அதிகாரி மூலமாகத்தான் பெற முடியும். அதைக் காசு கொடுத்து வாங்கித் தருவதாக ஒரு நிறுவனம் சொன்னால், அது குற்றம் செய்யத் தயாராக இருக்கிறது என்று பொருள். 2013இல், அப்போது மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அருண் ஜேட்லியின் அழைப்பு விவரங்களை முறைகேடாக எடுக்க முயன்றதாக டெல்லியில் பதிவான வழக்கில், ஒரு காவலரோடு தனியார் துப்பறிவாளர்களும் கைதானார்கள்.

இவர்களிடம் வரும் வேலைகளில் கல்யாண விசாரணைக்கு முக்கிய இடம் உண்டு. முன்பு பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் மாப்பிள்ளையின் தெருவுக்குப் போய், டீக்கடையிலும் இஸ்திரி வண்டிக்காரரிடமும் பேச்சுக் கொடுத்துத் தெரிந்துகொண்டு வந்ததுதான் இது. அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரே தெரியாத காலத்தில் அது கூலிக்குச் செய்யும் தொழிலாகிவிட்டது. வேலைக்குச் சேருபவர், வாடகைக்கு வருபவர், வியாபாரப் பங்காளி ஆகியோரைப் பற்றியும் கேட்கிறார்கள். எல்லோருடைய கேள்விகளிலும் ஒன்று தவறாமல் இருக்கும்: ‘கேஸ் ஏதாவது இருக்கிறதா?’

இதற்குப் பதில் தேட, பலர் நினைப்பதைவிட அதிகமான கதவுகள் திறந்தே இருக்கின்றன. எஃப்.ஐ.ஆர். பதிவான 24 மணி நேரத்தில் அதை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இணைய வசதி குறைந்த இடங்களுக்குக் கூடுதல் அவகாசம் உண்டு. பாலியல் குற்றம், போக்சோ, பயங்கரவாதம் போன்ற வழக்குகளுக்கு விலக்கு. குற்றப்பத்திரிகை அப்படியல்ல, அது பொது ஆவணம் ஆகாது, இணையத்தில் ஏற்றச் சொல்ல முடியாது என்று அதே நீதிமன்றம் 2023 ஜனவரியில் கூறிவிட்டது.

நீதிமன்றத்துக்கு வந்துவிட்ட வழக்கை இ-கோர்ட்ஸ் தளத்தில் யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண் உண்டு. அது கையில் இருந்தால் அடுத்த வாய்தா தேதி முதல் தீர்ப்பு வரை ஒரே திரையில் வந்துவிடும். எண் இல்லாமல் பெயரை மட்டும் வைத்துத் தேடுவதுதான் பாடு. நீதிமன்ற வளாகத்தையும் ஆண்டையும் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும். திருச்சியில் ஒன்றும் அகப்படவில்லை என்பதால் திருப்பூரிலும் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

அதைவிடப் பெரிய தொல்லை தமிழ்ப் பெயர்களே. குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாத மக்கள் நாம். எஸ்.குமார் என்று தேடினால் வந்து விழும் குமார்களில், செல்வராஜ் மகன் யார், சண்முகம் மகன் யார்? முதலெழுத்து ஒரு பதிவில் முன்னால் நிற்கும், இன்னொன்றில் பின்னால் நிற்கும். லட்சுமணன் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் எழுத்தருக்கு ஒரு விதம். துப்பறிவாளரின் உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது. ‘த/பெ’ என்ற இரண்டு எழுத்துக்குப் பின்னால் உள்ள பெயர், வயது, கதவு எண், காவல் நிலைய எல்லை ஆகிய நான்கும் பொருந்தினாலொழிய அந்தப் பதிவு அந்த ஆளுடையது என்று எழுதக் கூடாது. பெயர் ஒத்துப்போனதும் அறிக்கையை அனுப்பிவிடும் நிறுவனம், ஒரு நிச்சயதார்த்தத்தை அநியாயமாக நிறுத்திவிடக்கூடும்.

ஆள் அவர்தான் என்று உறுதியானாலும், கிடைத்த காகிதம் எதைச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். சி.எஸ்.ஆர். ரசீது என்பது காவல் நிலையம் மனு பெற்றதற்கான ஒப்புகை மட்டுமே; அது வழக்கே அல்ல. எஃப்.ஐ.ஆர். என்பது ஒருவர் கொடுத்த தகவல். விசாரித்த பின் ‘மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்’ என்று போலீசாரே முடித்துவைத்த வழக்குகள் ஏராளம். உயர் நீதிமன்றம் ரத்து செய்தவை உண்டு, இரு தரப்பும் சமாதானமாகப் போனவை உண்டு, விடுதலையில் முடிந்தவையும் உண்டு. கூடங்குளம் அணுஉலைக்கு எதிரான போராட்டத்தில் ஆயிரக்கணக்கான ஊர்மக்கள் மீது தேசத்துரோகப் பிரிவு உள்பட வழக்குகள் பதிவாயின. அந்தப் பிரிவை மட்டும் படித்துவிட்டு ஒரு மீனவரை எடைபோடுவது மடமை.

காவல்துறையின் சி.சி.டி.என்.எஸ். தகவல் தொகுப்பு தனியாருக்குத் திறப்பதில்லை. அதிலுள்ளதை முறையாக அறிய, தமிழ்நாடு காவல்துறையின் இணையவழி சரிபார்ப்புச் சேவை இருக்கிறது. வேலைக்கு வருபவர், வாடகைதாரர், வீட்டு வேலையாள் ஆகியோருக்குத் தனித்தனி விண்ணப்பம். கட்டணம் கட்டினால் காவல்துறையே அறிக்கை தரும். துப்பறிவாளரிடம் போகுமுன் இதைப் பார்த்துவிடுவது பணத்துக்கும் நல்லது, மனத்துக்கும் நல்லது. தேர்தல் வேட்பாளர் விஷயத்தில் அந்தச் சிரமமும் வேண்டாம். 2002ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், தன் மீதுள்ள வழக்குகளை வேட்பாளரே உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதித் தருகிறார்; அதைத் தேர்தல் ஆணையத் தளத்தில் எவரும் படிக்கலாம்.

சில பதிவுகளைத் தேடவே கூடாது. சிறார் நீதிச் சட்டப்படி, 18 வயதுக்குட்பட்டவர் செய்த குற்றத்தில் அவரது அடையாளத்தை வெளியிடுவது தண்டனைக்குரியது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயருக்கும் அதே காப்பு உண்டு. விடுதலையானவரின் பெயர் தீர்ப்பில் என்றென்றும் கிடக்க வேண்டுமா என்பதில் மட்டும் நீதிமன்றங்கள் இன்னும் ஒருமித்து நிற்கவில்லை. பெயரை நீக்கச் சொல்லி ஒருவர் கேட்டபோது 2021இல் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் மதுரைக் கிளையின் இரு நீதிபதிகள் அமர்வு பெயரை மறைக்க உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்கு இடைக்காலத் தடை விதித்தது.