தோய்ச்சலில் இரும்பு ஏன் வெடிக்கிறது?

"குவென்ச் பண்ணும்போது ஸ்டீல் ஏன் கிராக் விடுது?" என்று வைவாவில் கேட்டால், நம்மில் பத்துக்கு ஒன்பது பேர் "சடார்னு குளிர்றதால சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருப்போம். கொதிக்கிற டீயை ஊற்றியதும் கண்ணாடி டம்ளர் விரிசல் விடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பதில் சரியென்றுதான் படும். ஆனால் இது பாதிப் பதில்.

ஒரு மைல்டு ஸ்டீல் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். 'சுர்'ரென்று சத்தம் வரும், அவ்வளவுதான். 304 வகை எவர்சில்வரை 1000 டிகிரிக்கு மேல் காய்ச்சி, வேண்டுமென்றே தண்ணீரில் முக்குகிறார்கள். அது மெத்தென்று ஆகித்தான் வெளியே வரும். சடார்னு குளிர்வது மட்டுமே குற்றவாளி என்றால் இவை இரண்டும் தூள்தூளாகியிருக்க வேண்டுமே! ஆகவில்லை. அப்படியானால் கார்பன் அதிகமுள்ள ஸ்டீலுக்குள் வேறு ஏதோ நடக்கிறது.

நம் கிராமத்துப் பட்டறைகளில் அரிவாள் அடிக்க வாங்கும் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை எடுத்துக்கொள்வோம். அதில் கார்பன் சுமார் 0.5 முதல் 0.6 சதவீதம். நன்றாகச் சிவந்த நிலையில் அணுக்கள் நெருக்கியடித்து அடுக்கியிருக்கும். இதுதான் ஆஸ்டினைட். கார்பன் அந்த இடுக்குகளில் கரைந்து கிடக்கும். மெல்ல ஆறவிட்டால் கார்பன் பிரிந்து போய் ஒதுங்கிக்கொள்ளும். தண்ணீரில் முக்கினால் ஒதுங்க நேரம் கிடைப்பதில்லை. 300 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே வந்ததும், உள்ளே சிக்கிய கார்பனோடு அடுக்கே சட்டென்று மாறிவிடுகிறது. ஜெர்மானியர் அடால்ஃப் மார்ட்டென்ஸ் நினைவாகப் பெயர் வைத்த மார்ட்டென்சைட் இதுதான். அரம் போட்டால் வழுக்கும், அத்தனை கடினம்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. மார்ட்டென்சைட்டுக்கு இடம் அதிகம் வேண்டும். ஆஸ்டினைட்டை விடக் கனஅளவு ஏறக்குறைய 4 சதவீதம் கூடுகிறது. அதாவது குளிரக் குளிரச் சுருங்க வேண்டிய இரும்பு, திடீரென்று வீங்குகிறது! முழுத் துண்டும் ஒரே நொடியில் வீங்கினால் தொல்லை இல்லை. ஆனால் மேல்தோல் முதலில் குளிர்கிறது. அது வீங்கும்போது உள்பாகம் இன்னும் சூடாக, இளக்கமாக இருப்பதால் விட்டுக்கொடுக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து உள்பாகத்தின் முறை வருகிறது. அதுவும் வீங்குகிறது. இப்போது மேல்தோல் விட்டுக்கொடுக்குமா? அது ஏற்கனவே கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. மூடி போட்டு ஃப்ரீஸரில் வைத்த தண்ணீர் பாட்டிலின் கதைதான்.

அதனால்தான் 'டிங்' என்ற அந்தச் சத்தம் பெரும்பாலும் முக்கிய உடனே வருவதில்லை. எல்லாம் முடிந்தது என்று நாம் நிம்மதியாகும்போது வருகிறது. சில சமயம் மேஜைமேல் வைத்த பிறகும் வரும். எங்கள் ஊர் ஆசாரி உளியையோ அரிவாளையோ தண்ணீரில் முழுசாக ஆறவிட மாட்டார். வாய்ப்பகுதியை மட்டும் முக்கி எடுத்து, கல்லில் ஒரு தேய் தேய்ப்பார். பின்பக்கம் மிச்சமிருக்கும் சூடு முன்னால் ஏறி, வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா என்று வரிசையாக வரும். வேண்டிய நிறம் வந்ததும் மறுபடி முக்குவார். நாம் இரண்டு அத்தியாயமாகப் படிக்கும் ஹார்டனிங்கும் டெம்பரிங்கும் அவருக்கு ஒரே மூச்சில் நடக்கும் வேலை.

வேகம் எங்கே தேவை என்பதிலும் ஒரு வேடிக்கை. 550 டிகிரி சுற்றுவட்டாரத்தில்தான் அவசரமாகக் கடக்க வேண்டும். டி.டி.டி. வரைபடத்தில் 'மூக்கு' என்று படிக்கிறோமே, அது. 300க்குக் கீழே நிதானம் வேண்டும். தண்ணீர் இரண்டு இடத்திலும் அவசரப்படுத்துகிறது. எண்ணெய் அந்தக் கீழ்ப்பகுதியில் மெதுவாகப் போகிறது. ஸ்பிரிங் பட்டைக்கு எண்ணெய் சொல்வது இதற்காகத்தான்.

இனி ஒரு சங்கதி. எங்கள் செக்‌ஷனில் நண்பர் ஒருவரின் உளி குவென்சிங்கில் பிளந்தது. ரெக்கார்டு நோட்டில் 'கவனக்குறைவு' என்று எழுதி மார்க்கைக் குறைத்தார்கள். நான் அந்தத் துண்டை வாங்கிப் பார்த்தேன். விரிசல் எங்கே தொடங்கியிருந்தது தெரியுமா? அடையாளத்துக்காக அவர் பஞ்ச் அடித்திருந்த ரோல் நம்பரில், '4'ன் மூலையில்! ஜவுளிக்கடைக்காரர் துணியைக் கிழிக்குமுன் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு வைப்பாரே, அந்த வேலையைத்தான் நம்பர் பஞ்ச் செய்கிறது. ஆழமான அரக் கோடு, கீவேயின் கூர்மூலை, பருமன் சட்டென்று மாறும் இடம் எல்லாம் இதே ஜாதி. நம்பரை ஒரு தகட்டில் அடித்துக் கம்பியால் கட்டிவிட்டால் போயிற்று.

உடைந்த துண்டைக் குப்பையில் போடாதீர்கள். உடைந்த முகம் பேசும். உடைப்பில் கறுப்புச் செதில் படிந்திருந்தால், விரிசல் தண்ணீருக்கு முன்பே இருந்தது. அடிக்கும்போது மடிந்த மடிப்பாகவோ, லாரியில் ஓடிக் களைத்த பழைய பட்டையின் விரிசலாகவோ இருக்கலாம். வைக்கோல் நிறமோ நீலமோ தெரிந்தால், குவென்சிங்கில் விட்ட விரிசல் டெம்பரிங்கில் நிறம் ஏறியிருக்கிறது. பளிச்சென்று இருந்தால் அதற்குப் பிறகு உடைந்தது. சர்க்கரை போல மணிமணியாக மின்னினால் உலையில் அளவுக்கு மீறிக் காய்ச்சியாயிற்று. பெருத்த மணிகள் ஒன்றையொன்று இறுகப் பிடிப்பதில்லை. என் நண்பரின் துண்டில் கறுப்பும் இல்லை, மணியும் இல்லை. காய்ச்சியதில் அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை என்பது என் கட்சி.

கண்ணுக்குத் தெரிந்து உடைந்தால்கூடப் பரவாயில்லை. மயிரிழை விரிசலோடு தப்பித்த உளிதான் ஆபத்து. சுத்தியல் விழும்போது சில்லு தெறித்துக் கண்ணுக்குப் போகும். உளியின் தலைப்பக்கத்தை ஹார்டன் செய்யாமல் விடச் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

நம் டைம்டேபிளில் ஒரு கோளாறு இருக்கிறது. மதியம் ஹார்டனிங், மணி அடித்ததும் வேலை லாக்கருக்குள், டெம்பரிங் அடுத்த வாரம். உள்ளே இழுபறி அடங்காத அந்த உளி ஒரு வாரம் இருட்டில் கிடக்கிறது. கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததுமே டெம்பரிங் ஆகவேண்டிய பொருள் அது. ஹார்டனிங் நாளில் இரண்டாவது உலையை 250 டிகிரியில் அரை மணி நேரம் கூடுதலாக எரியவிடும்படி வொர்க்‌ஷாப்பில் யூனியன் சார்பில் கேட்கலாம். மணி அடித்த பிறகும் நின்று அதைப் பார்த்துக்கொள்ள நான் தயார்.