ஏப்ரல் 1-ம் தேதியும் விக்டோரியா ரூபாயும்

2026 ஏப்ரல் 1 என்ற வங்கிக் கெடுவை ஒட்டி வாசகர் கடிதங்களில் வெள்ளிக் காசு பற்றிய கேள்விகள் குவிந்தன. வத்தலகுண்டு வாசகர் கேட்பது: “பாட்டி விட்டுப்போன முப்பது விக்டோரியா ரூபாய் இருக்கிறது. வங்கியில் வெள்ளிக்கும் கடன் தரப்போகிறார்களாமே, அதற்குள் அமெரிக்காவுக்கு அனுப்பி கிரேடிங் வாங்கிவிட வேண்டுமா?” வேடசந்தூர்க்காரர் ஒருவருக்கு வந்த வாட்ஸ்அப் செய்தி, ஹால்மார்க் இல்லாத பழைய காசு இனி செல்லாது என்கிறது. நத்தத்திலிருந்து இன்னொருவர், கிரேடிங் டப்பாவோடு கொண்டுபோனால் அடகுத் தொகை கூடுமா என்று கேட்கிறார்.

மூவருக்கும் ஒரே பதில்: இல்லை. கடன் விதி எடையைப் பார்க்கிறது, ஹால்மார்க் வெள்ளியின் தரத்தைப் பார்க்கிறது, காசின் நிலைக்குப் புள்ளி போடும் கிரேடிங் அதன் மேற்பரப்பைப் பார்க்கிறது. ஒன்றின் காகிதம் மற்றொன்றின் கவுன்டரில் எடுபடாது.

முதலில் வங்கிக் கதையை முடித்துவிடுவோம். தங்கம், வெள்ளி அடமானக் கடனுக்கான ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் 2025 ஜூனில் வந்தன. வங்கிகள் அவற்றுக்கு மாற 2026 ஏப்ரல் 1 கடைசி நாள். அது வங்கிகளுக்கு வைத்த கெடு. உங்கள் பீரோவுக்கு வைத்ததல்ல. ஒருவர் அடகு வைக்கக்கூடிய வெள்ளிக் காசு மொத்தம் 500 கிராம். ஒரு பழைய ரூபாய் 11.66 கிராம், ஆக 42 காசு வரை போகலாம். 43-வது காசு வரம்பைத் தாண்டிவிடும். மதிப்பு போடுவது உள்ளே இருக்கும் உலோகத்துக்கு மட்டும். காசு அரியதா, பார்க்க அழகானதா என்ற பேச்சே அங்கே இல்லை. பழைய ராஜா காலத்து ரூபாயைக் கையில் வாங்குவதா வேண்டாமா என்பதையும் அந்தந்த வங்கியிடம்தான் கேட்க வேண்டும். “வெளிப்படையான, சீரான மதிப்பீடு” என்று அறிவிப்புகளில் வருவதற்கு நடைமுறை அர்த்தம் இவ்வளவுதான்: எல்லாக் காசும் சீராக வெறும் வெள்ளியாகிவிடும்.

அந்த வெறும் வெள்ளியும் இப்போது சாதாரணமில்லை. 2025 டிசம்பரில் கிலோ 2 லட்சத்தைத் தாண்டியது. அந்தக் கணக்கில் வைத்தாலே, 91.7 சதவீத வெள்ளியுள்ள விக்டோரியா ரூபாய் ஒன்றில் சுமார் 2,140 ரூபாய்க்கு வெள்ளி இருக்கிறது. அதற்கு மேல் கிடைக்கும் ஒவ்வொரு ரூபாயும் சேகரிப்பாளர் தருவது. அதைக் குறிவைத்துத்தான் உள்ளூர்க் கடைவீதியில் கேட்டாலும் மதுரையில் கேட்டாலும் “ஸ்லாப் போட்டுடுங்க சார், ரேட்டே வேற” என்கிறார்கள்.

1 முதல் 70 வரையிலான புள்ளிக் கணக்கை யூடியூப்பில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்; அதை இங்கே திரும்ப ஓத வேண்டியதில்லை. பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற இரு அமெரிக்க நிறுவனங்கள் முறையே 1986-லும் 1987-லும் தொடங்கிய இந்தக் கிரேடிங் தொழிலில், பிரித்தால் தெரிந்துவிடும்படி மூடிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் (இதுதான் ‘ஸ்லாப்’) காசும் புள்ளியும் சேர்ந்தே இருக்கும். ஒரு நிறுவனம் கலிபோர்னியாவில், மற்றொன்று புளோரிடாவில். காசு அங்கே போக வேண்டும். “ஏஜென்ட் பார்த்துக்கொள்வார்” என்று எல்லோரும் ஒரே வரியில் தாண்டிப் போகும் இடம் இதுதான். இந்தக் கட்டுரை நிற்கப்போவதும் இங்கேதான்.

1972-ம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத வயதுள்ள காசு தொல்பொருள். அதை மத்திய அரசோ, அது அதிகாரம் கொடுத்த அமைப்போ தவிர வேறு யாரும் நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. அனுப்பினால் ஆறு மாதத்துக்குக் குறையாத, மூன்றாண்டு வரையிலான சிறையும் அபராதமும். விற்கவில்லை, புள்ளி வாங்கிக்கொண்டு திரும்பி வரத்தான் போகிறது என்று சொன்னாலும் பார்சல் எல்லையைத் தாண்டினால் அது ஏற்றுமதிதான்.

இந்தச் சட்டத்தின் சூட்சுமம், அது எந்த ஆண்டையும் பெயர் சொல்லிக் குறிக்காததில் இருக்கிறது. நூறு என்ற எண் மட்டும்தான். ஆகவே கோடு ஒவ்வொரு வருடமும் ஓரடி முன்னால் வருகிறது. எந்த அரசாணையும் வேண்டாம், நாட்காட்டி போதும். சட்டம் நடைமுறைக்கு வந்தது 1976 ஏப்ரலில். அன்று கோடு 1876-ல் நின்றது. விக்டோரியா ‘எம்ப்ரஸ்’ ஆகி அந்தப் பட்டத்தோடு வந்த ரூபாய்கள் 1877-ல் தொடங்குகின்றன. அவற்றில் ஒன்றுகூட அன்று தொல்பொருள் இல்லை. பிறகு வருடத்துக்கு ஒன்றாக உள்ளே விழுந்தன. ஏழாம் எட்வர்டின் மொட்டைத் தலை ரூபாய்கள் 2003 முதல் 2010-க்குள் விழுந்தன. கிரீடம் வைத்த ஐந்தாம் ஜார்ஜ் 2011-ல் தொடங்கி 2022-ல் முடிந்தார், ஏனென்றால் அவர் தலை போட்ட முழு ரூபாயின் கடைசி ஆண்டு 1922. அடுத்த வெள்ளி ரூபாயில் இருக்கும் ஆண்டு 1938, தலை ஆறாம் ஜார்ஜ். ஆக நம் வீடுகளில் இருக்கும் ‘நல்ல’ வெள்ளி ரூபாய் அநேகமாக எல்லாமே கோட்டுக்கு உள்ளே வந்துவிட்டன. சட்டத்துக்கு உட்பட்டு அமெரிக்கா போகக்கூடிய முழு வெள்ளி ரூபாய் ஆறாம் ஜார்ஜினுடையது மட்டும். அதிலும் 1940-லிருந்து வந்தவற்றில் வெள்ளி பாதிதான்.

அரை ரூபாயிலும் கால் ரூபாயிலும் கோடு இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. 1926 என்று பொறித்த அரை ரூபாயை 2025-ல் அனுப்பியிருந்தால் குற்றமில்லை. 2026-ல்? காசில் ஆண்டு இருக்கிறது, மாதம் இல்லை. அது ஜனவரியில் அச்சடித்ததா, டிசம்பரிலா என்று யாராலும் சொல்ல முடியாது. தொல்பொருளா இல்லையா என்ற கேள்வி எழுந்தால் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநர் சொல்வதே முடிவு என்று சட்டம் சொல்கிறது. சுமார் 535 ரூபாய்க்கு வெள்ளியுள்ள கால் ரூபாய்க்காக டெல்லி வரை போகும் கேள்வி!

“நாட்டின் பாரம்பரியம் வெளியே போகாமல் காக்கிறோம்” என்பது அரசின் விளக்கம். வெளியே போவது மட்டும்தான் அதன் கவலையா என்று கேட்கத் தோன்றுகிறது. ஒரு விக்டோரியா ரூபாயைப் புளோரிடாவுக்குப் பார்சல் செய்தால் சிறை. அதே ரூபாயைப் பட்டறையில் மூசையில் போட்டு உருக்கிக் கொலுசு அடித்தால் அந்தச் சட்டத்தில் அதற்கென்று ஒரு தண்டனைப் பிரிவு இல்லை. வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் காசுகள் எந்தப் பக்கம் போகின்றன என்பது நகைக் கடைக்காரர்களுக்குத் தெரியும்.

பெரிய ஏல நிறுவனங்களின் விலைப்பட்டியலைப் புரட்டினால், நூறு ஆண்டைக் கடந்த பொருள்கள் நாட்டை விட்டுப் போகக் கூடாது என்ற எச்சரிக்கை இருக்கும். அடுத்த பக்கங்களில் அமெரிக்கக் கூட்டுக்குள் 1862 விக்டோரியா ரூபாய் சிரிக்கும். அது எப்படி அங்கே போய்ப் புள்ளி வாங்கியது? நேர்மையான பதிலும் உண்டு: வெள்ளைக்காரர் ஊருக்குக் கொண்டுபோன காசு, நூற்றாண்டுக் காலம் அங்கேயே கிடந்து, புள்ளி வாங்கி, நம் ஆள் ஏலத்தில் எடுத்துத் திரும்ப வந்திருக்கலாம். எல்லாமே அப்படி வந்தவைதான் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. உங்கள் காசை வாங்கிக்கொள்ளும் ஏஜென்டிடம், யார் பெயரில், என்ன விவரம் எழுதி அனுப்புகிறீர்கள் என்று கேட்டு, அந்தக் காகிதத்தின் நகலை முன்கூட்டியே வாங்குங்கள். தயங்கினால் காசைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். பிடிபட்டால் போவது உங்கள் காசு.

வங்கிக்கும் கிரேடிங்குக்கும் ஒரே ஒரு இடத்தில் உறவு உண்டு. அது கெட்ட உறவு. அடகு மதிப்பீட்டாளர் வெள்ளியைச் சோதிக்க, காசின் விளிம்பை உரைகல்லில் ஒரு இழுப்பு இழுப்பார். விளிம்பில் நூலளவு தட்டையான ஒரு கோடு விழும். வீட்டில் யார் கண்ணுக்கும் தெரியாது. அமெரிக்க மேசையில் லென்ஸ் அதை முதல் நிமிடத்திலேயே பிடித்துவிடும். அப்புறம் புள்ளி கிடையாது. ‘டீட்டெய்ல்ஸ்’ என்று எழுதி, சேதம் என்ன என்பதைச் சேர்த்து மூடிவிடுவார்கள். கட்டணம் கட்டணம்தான். காசு மாலையில் கோக்க வளையம் பற்றவைத்த காசு, துளை போட்டு அடைத்த காசு எல்லாவற்றுக்கும் அதே கதி. இவற்றைவிட நம் ஊரில் அதிகம் கெடுப்பது பாசம். லட்சுமி பூஜைக்கு முதல் நாள் புளியும் விபூதியும் போட்டுத் தேய்த்து வைத்த காசை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: ராணியின் கன்னத்திலும் காதோரப் பின்னலிலும் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள். நூறு வருடக் கருப்பு போய்விட்டது; சேகரிப்பாளர் பணம் தருவது அந்தக் கருப்புக்கு.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

ஹால்மார்க்? வெள்ளிக்கு ஆறெழுத்து அடையாள எண்ணோடு கூடிய முத்திரை 2025 செப்டம்பரில் வந்தது, இன்றைக்கும் விருப்பத்தின் பேரில்தான். பழைய ரூபாய் மேல் லேசர் அடிக்க யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

1862 என்று போட்ட ரூபாய் அரியதா? 1874 வரை அதே ஆண்டைப் பொறித்தே அச்சடித்தார்கள், ஆகவே பெரும்பாலும் இல்லை.

1911 ‘பன்றி ரூபாய்’? அரசர் அங்கியில் இருந்த யானை பன்றி போலத் தெரிந்து கிளம்பிய புகாரால் திரும்பப் பெற்று உருக்கினார்கள், 1912-ல் துதிக்கை தெளிவானது; கையில் இருப்பது 1911-ஆக இருந்தால் தேய்க்காமல் வையுங்கள்.

பழைய காசு வாங்க ரிசர்வ் வங்கி பதிவுக் கட்டணம் கேட்கிறதாமே? தன் பெயரைச் சொல்லி நடக்கும் மோசடி என்று 2021 ஆகஸ்டிலேயே அந்த வங்கி எச்சரித்துவிட்டது.

கூட்டோடு வங்கிக்குப் போனால்? எடை போட உடைக்கச் சொல்வார்கள்.

நிலம் உழும்போது பானை கிடைத்தால்? 1878-ம் ஆண்டுச் சட்டப்படி புதையலின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் இருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாயை இதுவரை யாரும் திருத்தவில்லை.