கை நீளம் போதாத வயது

காலை ஆறரை மணி. சித்தூரில் ஒரு வீட்டுத் திண்ணை. பக்கத்தில் ஆவி பறக்கும் காப்பி. மடியில் தமிழ்ப் பத்திரிகை. வீட்டுக்காரர் பத்திரிகையைப் பிரித்து மார்புக்கு நேராகப் பிடிக்கிறார். சரிப்படவில்லை. சற்றுத் தள்ளிப் பிடிக்கிறார். அப்புறம் இரண்டு கைகளையும் முழுக்க நீட்டிவிடுகிறார். தலைப்பு தெரிகிறது, தலைப்புக்குக் கீழே எறும்பு வரிசை மாதிரி ஏதோ ஊர்கிறது. "இப்போதெல்லாம் அச்சே சரியில்லை. மையை மிச்சம் பிடிக்கிறார்கள்" என்று பத்திரிகைக்காரர்கள்மேல் பழியைப் போடுகிறார். உள்ளேயிருந்து மனைவியின் குரல் வருகிறது: "மை நல்லாத்தான் இருக்குது. உங்களுக்குத்தான் நாற்பத்தஞ்சு முடிஞ்சுபோச்சு."

நாற்பதைத் தாண்டியவர்கள் இருக்கிற வீடுகளில் இந்தப் பேச்சு என்றாவது ஒரு நாள் நடந்தே தீரும். முதலில் அச்சின்மேல் பழி. பிறகு விளக்கின்மேல். கடைசியில் மருந்துக் கடையில் மாத்திரை அட்டையைக் கையில் வாங்கி, அதன் காலாவதித் தேதியைப் படிக்க முடியாமல், கடைப் பையனிடமே நீட்டி "இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுப்பா" என்று கேட்கும்போதுதான் உண்மை உறைக்கிறது.

மூன்று பெயர், ஒரே நோய்

இதை நோய் என்பதே சரியில்லை. நரை மாதிரி இதுவும் வயதின் அடையாளம். தமிழில் இதற்கு வெள்ளெழுத்து என்று பெயர். கறுப்பு எழுத்து வெளுத்துத் தெரிகிறது என்று, படுகிறவனின் அனுபவத்தையே பெயராக வைத்திருக்கிறார்கள். சாளேசரம் என்றும் ஒரு சொல் உண்டு. மராட்டியில் 'சாளீஸ்' என்றால் நாற்பது. கன்னடத்திலும் 'சாளீசு' என்பார்கள். தெலுங்கில் சத்வாரம். அதுவும் நாற்பதைக் குறிக்கும் வடமொழிச் சொல்லின் வழியே வந்ததுதான். ஆகவே கண் டாக்டர் "மீகு சத்வாரம் ஒச்சிந்தி" என்று சொன்னால், "உங்களுக்கு நாற்பது வந்துவிட்டது" என்று மரியாதையாகச் சொல்கிறார் என்றே வைத்துக்கொள்ளலாம்.

காரணம் எளியது. கண்ணுக்குள் இருக்கும் வில்லை, குழந்தைப் பருவத்தில் நன்றாக வளைந்து கொடுக்கும். பத்து வயதுப் பிள்ளை 7 அல்லது 8 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்துக்கூடப் புத்தகம் படிக்கும். வருஷம் ஏற ஏற வில்லை இறுகுகிறது. நாற்பது வயதில் கிட்டத்தட்ட 22 சென்டிமீட்டருக்குள் எதுவும் தெளிவாகத் தெரியாது. அறுபதில் அது ஒரு மீட்டருக்குப் போய்விடும். மனிதனுடைய கை அவ்வளவு நீளம் கிடையாது. அதனால்தான் மூக்குக் கண்ணாடி.

இரண்டு எழுத்து படிக்கிற சித்தூர்க்காரருக்கு இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இரண்டும் ஒரே மாதிரி மங்குவதில்லை. தமிழில் முதலில் காணாமல் போவது புள்ளி. 'க்' என்பது 'க' ஆகிவிடும். வாக்கியத்தை வைத்து ஊகித்துக் கொள்ளலாம். தெலுங்கில் எழுத்தின் காலடியில் தொங்கும் ஒத்தெழுத்துகள் முதலில் கரைகின்றன. உருவத்தில் நெருங்கிய 'ப'வும் 'வ'வும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. ஆபீஸ் கோப்பில் ஊகித்துப் படித்தால் வம்பில் கொண்டுபோய் விடும்.

படித்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

வேலூரிலோ காஞ்சிபுரத்திலோ ஒருவருக்குக் கண் மங்கினால் அது அவருடைய கஷ்டம் மட்டும்தான். மகனோ மகளோ பத்திரிகையைப் படித்துக் காட்டிவிடலாம். சித்தூர், திருப்பதித் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் அந்த வசதி இல்லை. பிள்ளைகள் தமிழில் பேசுவார்கள். தமிழில் சண்டை போடுவார்கள். தமிழ் சினிமாவை ஒரு வசனம் விடாமல் ஒப்பிப்பார்கள். எழுத்து மட்டும் தெரியாது. பள்ளியில் தெலுங்கும் இங்கிலீஷும். தமிழுக்கு நேரம் ஏது? வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்த கடைசி ஆள் அப்பாதான், அல்லது அம்மாதான். அவருக்கு வெள்ளெழுத்து வந்தால் அந்த வீட்டுக்கே வந்த மாதிரி.

அந்த அப்பாவே அதை எங்கே கற்றார்? 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதோடு சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. சித்தூர் இங்கேயே நின்றது. இன்று ஐம்பதை எட்டுகிறவர்கள் அதற்கெல்லாம் வெகு காலத்துக்குப் பின் பிறந்தவர்கள். அவர்களில் பலருக்கு சினிமா சுவரொட்டிதான் அரிச்சுவடி. கதாநாயகன் பெயரை எழுத்துக்கூட்டி, பிறகு பஸ் பலகை, பிறகு வாரப் பத்திரிகைத் துணுக்கு என்று படிப்படியாக ஏறியவர்கள். பள்ளியில் ஒரு மதிப்பெண்ணும் தராத அந்தப் படிப்பை ஆசையால் மட்டுமே கற்றார்கள்.

பரண்மேல் தாத்தா பைண்டு செய்து வைத்த தொடர்கதைகள் இருக்கும். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வாராவாரம் வந்தது. சித்தூரில் அதைத் தொடர்ந்து வாசித்தவர்கள் கதையைச் சென்னை மாநிலத்தில் ஆரம்பித்து ஆந்திர மாநிலத்தில் முடித்தார்கள், வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே! அந்தக் கட்டுகளைப் பிரித்துப் பார்க்க இன்று வீட்டில் ஒரே ஆள். அவருக்கும் எழுத்து எறும்பாகத் தெரிகிறது.

எனவே இந்த ஊர்களில் கண்ணாடி போட்டுக்கொள்வதைத் தள்ளிப் போடுவது வெறும் வீம்பு. ஆனாலும் தள்ளிப் போடுகிறார்கள். "கண்ணாடி போட்டால் பழகிவிடும், கண் இன்னும் கெட்டுவிடும்" என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது பொய். போட்டாலும் போடாவிட்டாலும் வில்லை தன் போக்கில் இறுகிக்கொண்டுதான் இருக்கும். நாற்பத்தைந்தில் 1, 1.25 என்று ஆரம்பிக்கும் பவர், அறுபது வாக்கில் 2.5-ஐ ஒட்டி நின்றுவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட அறிக்கைப்படி உலகில் 180 கோடிப் பேருக்கு வெள்ளெழுத்து. அவர்களில் 82 கோடிக்கும் மேற்பட்டவர்கள் சரியான கண்ணாடி இல்லாமல் அவதிப்படுகிறவர்கள். படிப்பவர்களுக்கு மட்டும்தான் இந்தத் தொல்லை என்பதும் இல்லை. அஸ்ஸாமில் நாற்பது வயதைக் கடந்த தேயிலை பறிக்கும் தொழிலாளர்களுக்குக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2018-இல் வெளிவந்தது. கண்ணாடி போட்டவர்கள், போடாதவர்களைவிடச் சுமார் 22 சதவிகிதம் அதிகமாகக் கொழுந்து பறித்தார்கள். ஊசியில் நூல் கோக்கிற தையற்காரர், அரிசியில் கல் பொறுக்குகிற அம்மா, பூக்கட்டுகிறவர் எல்லோருக்கும் இது பொருந்தும்.

நடைபாதையில் விற்கும் கண்ணாடியை மாட்டிப் பார்த்து, எழுத்துத் தெரிந்ததும் வாங்கி வருகிறவர்கள் உண்டு. அவசரத்துக்கு உதவும். ஆனால் கண்ணின் உள் அழுத்தத்தை அந்தக் கண்ணாடி சொல்லாது. நாற்பதுக்குமேல் ஓசைப்படாமல் வருகிற கண்நீர் அழுத்த நோயை டாக்டர்தான் கண்டுபிடிக்க வேண்டும். சர்க்கரை ஏறி இறங்கினாலும் பார்வை மாறும்; சர்க்கரை கட்டுக்குள் வந்தபின் பரிசோதித்துக்கொள்வதே நல்லது. சித்தூர்க்காரர்களுக்கு வேலூர் ஷெல் கண் ஆஸ்பத்திரி பழக்கமான இடம். 1902-இல் திறந்த கட்டடம். 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை இன்று திருப்பதியிலும் இருக்கிறது. தூரம் ஒரு சாக்கு ஆகாது.

முழங்கால் முறிச்சான்

கண்ணுக்கு அடுத்தபடி முழங்கால். திருப்பதியில் குடியிருப்பவனுக்கு இந்தப் பரீட்சையை வைப்பவர் ஏழுமலையான். அலிபிரியிலிருந்து 3,550 படிகள். கல்லூரி நாளில் பேசிச் சிரித்துக்கொண்டே ஏறிய படிகள்தான். நடுவயதில் அதே படிகளை எண்ண ஆரம்பிக்கிறான். வழியில் செங்குத்தாக நிற்கும் ஓரிடத்துக்கு முழங்கால் முறிச்சான் என்று பெயர். தெலுங்கில் மோகாலு என்றால் முழங்கால். ராமாநுஜர் மலையைக் காலால் மிதிக்க மனமின்றி முழங்காலால் ஊர்ந்து ஏறினார் என்பது ஐதிகம். இன்றைக்கு அங்கே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர்களில் பக்தியால் உட்காருகிறவர் எத்தனை, மூட்டுவலியால் உட்காருகிறவர் எத்தனை என்று பெருமாளுக்குத்தான் தெரியும்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் முழங்காலுக்குச் சோதனை. படி இறங்கும்போது உடல் எடையைப்போல் மூன்று மடங்குக்கு மேல் மூட்டில் விழுகிறது. அதோடு, ஒரே கண்ணாடியில் மேலே தூரப் பார்வையும் கீழே படிப்புப் பார்வையும் வைத்தவர்களுக்கு இன்னொரு ஆபத்து. குனிந்து படியைப் பார்த்தால் கண் கீழ்ப் பாதி வழியாகப் போகும். படி மங்கலாகத் தெரியும். கழுத்தையும் சேர்த்துக் குனிந்து, மேல் பாதி வழியாகத்தான் பார்க்க வேண்டும். நடந்து ஏறி, பஸ்ஸில் இறங்குவது என்ற வழக்கம் அனுபவசாலிகள் கண்டுபிடித்தது.

மேலே போனால் 65 வயதானவர்களுக்குத் தனி வழி உண்டு. கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கும் உண்டு. இரண்டிலும் சேராதவன் நடுவயதுக்காரன். அப்பாவைப் பெரியவர் வரிசையிலும், தங்கையைக் குழந்தையோடு இன்னொரு வரிசையிலும் விட்டுவிட்டு, எல்லோருடைய பையையும் செருப்பையும் சுமந்துகொண்டு அவன் பொது வரிசைக்கு வருகிறான். வீட்டிலும் ஏறக்குறைய இதே நிலைமைதான். அப்பாவின் மருந்துச் சீட்டு ஒரு கையில், மகனின் காலேஜ் பீஸ் ரசீது மறு கையில். இரண்டிலும் எழுத்துப் பொடிசு!

சுகங்களும் உண்டு

சித்தூர் மாவட்டத்தில் பிறந்துவிட்டு மாம்பழத்தைக் கண்டு பயப்பட வேண்டியிருப்பது கொடுமை. ஜூன், ஜூலையில் தெருவெல்லாம் கிளிமூக்கு. 100 கிராம் பழத்தில் சுமார் 14 கிராம் சர்க்கரை என்று டாக்டர் கணக்குச் சொல்கிறார். முன்பு ஐந்து பழம் தின்று கை கழுவியவர், இன்று இரண்டு கீற்றைக் கால்மணி நேரம் சாப்பிடுகிறார். ருசி எதில் அதிகம் என்று அவரைக் கேட்டால் இரண்டு கீற்றில்தான் என்பார். பக்கத்தில் மனைவி நிற்கும்போது கேட்டால் வேறு பதிலும் வரலாம்.

வேலைக்காகத் திருப்பதிக்குப் போய்வரும் சித்தூர்க்காரர்களுக்கு, மாலை ரயிலில் ஜன்னலோர இடம் கிடைப்பதே ஒரு தனி பாக்கியம். சந்திரகிரிக் கோட்டை பின்னால் போகும்; பாகாலா ஜங்ஷன் வரும். கண் களைத்துப்போன அந்த நேரத்தில் காதுக்கு வெள்ளெழுத்து கிடையாது என்பது நினைவுக்கு வருகிறது. சித்தூர் மாவட்டத்தில் 1929-இல் பிறந்த ஏ.எம். ராஜா, 1955-இல் வந்த 'மிஸ்ஸியம்மா'வில் தமிழிலும் பாடினார், 'மிஸ்ஸம்மா'வில் தெலுங்கிலும் பாடினார். ஒரே மெட்டு. எதிர் சீட்டு ரெட்டியார் ஒரு மொழியில் முணுமுணுக்க, இவர் இன்னொன்றில் தொடர, சித்தூர் ஸ்டேஷன் வந்துவிடும்.

அப்படி வந்த ஒரு சனிக்கிழமை இரவு, கண்ணாடி திருப்பதி ஆபீஸ் மேஜையிலேயே தங்கிவிட்டது. ஞாயிறு காலை திண்ணையில் காப்பி இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது, கண்ணாடி இல்லை. எட்டாவது படிக்கும் மகள் பார்த்தாள். "குடுப்பா, நான் படிக்கிறேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். போன கோடை விடுமுறையில் அவர் சொல்லிக்கொடுத்த எழுத்துகள் பாதி ஞாபகம் இருந்தன. 'தம்பி' என்ற சொல்லில் முட்டிக்கொண்டாள். தெலுங்கில் 'ப' வர்க்கத்துக்கு நாலு எழுத்து. இங்கே ஒன்றே ஒன்று.

"அப்பா, இது எந்த 'ப'?"

"நீ பேசறப்ப எது வருதோ அதுதான் கண்ணு."

"அப்ப எழுத்துல எப்படித் தெரியும்?"

"தெரியாது. பேசத் தெரிஞ்சவங்களுக்குத்தான் அது தெரியும்."

அவள் மறுபடி விரலை வைத்து ஆரம்பித்தாள். ஒரு பத்திச் செய்தி முடிய அரைமணி நேரம் ஆயிற்று. காப்பி ஆறிப்போயிருந்தது. உள்ளேயிருந்து இரண்டாவது காப்பி வந்தது; டாக்டர் ஒன்றோடு நிறுத்தச் சொல்லியிருந்தார்.