கென்யா காட்டுக்குப் போகிறவர்கள் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

விமானம் வெள்ளிக்கிழமை என்றால் திங்கட்கிழமை போன் வரும்: "மஞ்சள் காய்ச்சல் ஊசி எங்கே போடுவாங்க?" மசாய் மாராவில் சிங்கம் பார்க்கக் கிளம்புகிறவர்களில் பலர் ஆண்டுதோறும் இப்படித்தான் கடைசி நேரத்தில் தவிக்கிறார்கள். லட்சக்கணக்கில் பணம் வாங்கிய ஏஜெண்ட் இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். பலர் சொல்வதில்லை.

கென்யாவும் உகாண்டாவும் மஞ்சள் காய்ச்சல் பரவும் அபாயமுள்ள நாடுகள். இந்தியாவில் அந்த நோய் இல்லை. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வரை இருக்கிறது. ஒரு நோயாளி உள்ளே வந்தால் போதும். அதனால்தான் திரும்பி வரும்போது செல்லுபடியாகும் சான்றிதழ் இல்லாதவரை 6 நாள் வரை தனிமைப்படுத்த விமான நிலைய சுகாதார அலுவலகத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அங்கே நின்று வாதாடிப் பயனில்லை.

தெரு முனை கிளினிக்கில் போட்ட ஊசிக்கு மதிப்பில்லை. மத்திய சுகாதார அமைச்சகம் அங்கீகரித்த மையத்தில்தான் போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையமும் துறைமுக சுகாதார அலுவலகமும் அப்படிப்பட்டவை. நினைத்த நாளில் போய் நின்றால் கிடைக்காது. நாள், நேரம், முன்பதிவு விவரம் கேட்டுக்கொண்டு, அசல் பாஸ்போர்ட்டோடு போங்கள். ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகே சான்றிதழ் செல்லும். திரும்பச் சொல்கிறேன், 10 நாள். ஒன்பதாம் நாள் போய்க் கெஞ்சினாலும் செல்லாது.

சான்றிதழான மஞ்சள் அட்டையை வாங்கியதும் அங்கேயே நின்று சரிபாருங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், பாஸ்போர்ட் எண், ஊசி போட்ட தேதி, மருந்தின் தொகுதி எண், மருத்துவர் கையொப்பம், மையத்தின் முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் உடனே திருத்தித் தரச் சொல்லுங்கள். முன்பே ஊசி போட்டவர்கள் மறுபடி போட வேண்டாம். 2016 ஜூலை 11 முதல் அந்த அட்டை ஆயுள் முழுக்கச் செல்லும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், 60 வயதைக் கடந்தவர்கள் டிக்கெட் போடும் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். மலேரியா மாத்திரை பற்றியும் அவரிடமே கேட்டுவிடலாம்.

கென்யாவுக்குள் நுழைய விசாவுக்குப் பதிலாக 2024 ஜனவரி முதல் மின்னணுப் பயண அனுமதி வந்துவிட்டது. கென்ய அரசின் இணையதளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் கூடுதல் பணம் பிடுங்கும் இடைத்தரகர் தளங்கள். முகவரியின் முடிவில் அரசுக்குரிய எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பெட்டி கட்டும்போது நம் வீடுகளில் பருப்புப்பொடியையும் முறுக்கையும் பாலித்தீன் கவரில் சுற்றி அடுக்குவது வழக்கம். கென்யா 2017 ஆகஸ்ட் 28 அன்றே பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை போட்டது. அபராதம் லட்சக்கணக்கான ஷில்லிங்கில், சிறையும் உண்டு. தேசியப் பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் 2020 ஜூன் 5 முதல் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை. எவர்சில்வர் டப்பா, துணிப்பை, நிரப்பிக்கொள்ளும் பாட்டில் எடுத்துப் போங்கள்.

இனி காட்டுக்குள். மாராவில் ஒரு விலங்கைச் சுற்றி 5 வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது. 25 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. பாதையை விட்டு இறங்கிப் புல்வெளியில் ஓட்டக் கூடாது. நடப்பதைப் பாருங்கள்: ஒரு சிவிங்கிப்புலி குட்டிகளோடு கரையான் புற்றின் மேல் உட்கார்ந்தால், வயர்லெஸ்ஸில் செய்தி பறந்து கால் மணி நேரத்தில் வண்டிகள் வட்டம் கட்டிவிடுகின்றன. அது பகலில் வேட்டையாடும் பிராணி. மான் கூட்டத்துக்கும் அதற்கும் நடுவில் என்ஜின் உறுமினால் வேட்டை போச்சு, குட்டிகளுக்குப் பட்டினி. 2018-இல் வெளியான மாரா ஆய்வு ஒன்று இதைக் கணக்காகவே சொன்னது. சுற்றுலா அதிகமுள்ள பகுதியில் ஒரு தாய் சராசரியாக வளர்த்து ஆளாக்கியது 0.2 குட்டி; குறைவான பகுதியில் 2.3.

ஓட்டுநரைத் திட்டுவது எளிது. பின் இருக்கையிலிருந்து "இன்னும் கிட்டே போங்க" என்று டிப்ஸைக் காட்டுவது யார்? முதல் நாள் காலையிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்: பாதையை விட்டு இறங்க வேண்டாம், ஐந்து வண்டி இருந்தால் காத்திருப்போம், அதனால் டிப்ஸ் குறையாது. அந்த ஒரு பேச்சு போதும், மூன்று நாளும் வண்டி ஒழுங்காக ஓடும்.

மசாய் கிராமத்துக்குப் போனால் கட்டணம் எவ்வளவு, யாருக்குப் போகிறது என்று உள்ளே நுழையுமுன் கேளுங்கள். ஓட்டுநர் கையில் கொடுத்த பணம் முழுதும் ஊருக்குப் போய்ச் சேரும் என்று நம்ப வேண்டாம். கிராமத்தார் கையிலேயே கொடுங்கள். கேட்காமல் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். முடிந்தால் நபோய்ஷோ, ஒலாரே மொடொரோகி போன்ற சமூகக் காப்பகங்களில் தங்குங்கள். அந்த நிலம் மசாய் குடும்பங்களுடையது. குத்தகைப் பணம் அவர்களுக்கே போகிறது. வண்டி நெரிசலும் குறைவு.

கடையில் யானைத் தந்த வளையல், யானை முடிக் காப்பு, சிங்க நகம், பவளம், சங்கு என்று எது காட்டினாலும் தொடாதீர்கள். "ரசீது இருக்கிறதே" என்பது பதிலாகாது. கென்யாவின் 2013-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் கடுமையானது. அங்கே தப்பினாலும் இங்கே சுங்கத் துறையும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் காத்திருக்கின்றன. வாங்காதீர்கள், யாருக்காகவும் சுமந்து வராதீர்கள். மணி மாலையைக் கோத்தவரிடமே வாங்கினால் அவருக்கும் காசு, உங்களுக்கும் நிம்மதி.

முன்பணம் கட்டுமுன் ஏஜெண்டிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை: கென்யாவில் வண்டி ஓட்டப்போகும் நிறுவனத்தின் பெயர், அந்நாட்டுச் சுற்றுலா ஒழுங்குமுறை ஆணையத்தில் அதற்கு உரிமம் இருப்பதற்கான சான்று, வழிகாட்டிக்கு சஃபாரி வழிகாட்டிகள் சங்கத்தின் தரச் சான்று உண்டா என்ற விவரம், பூங்காக் கட்டணம் பேக்கேஜில் சேர்த்தியா என்ற உறுதி. மாராவில் வெளிநாட்டவருக்கான கட்டணம் 2024 முதல் ஜனவரி–ஜூனில் நாளுக்கு 100 டாலர், ஜூலை–டிசம்பரில் 200 டாலர் என்று நிர்ணயிக்கப்பட்டது. "சேர்த்திதான் சார்" என்று வாய்ச்சொல்லோடு விட்டவர்கள் வாசலில் நின்று குடும்பம் முழுவதற்கும் தனியாகக் கட்டியிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வரும் குரல் செய்தியை நம்பி இருக்காதீர்கள், மின்னஞ்சலில் கேளுங்கள்.

விதி மீறும் வண்டியைப் பார்த்தால் எண் பலகை தெரியப் படம் எடுத்து, அன்றே பூங்கா வாசலில் உள்ள ரேஞ்சரிடம் காட்டுங்கள். மாரா நரோக் கவுன்டி நிர்வாகத்தின் கீழ் வருவதால், புகாரை அவர்களுக்கும் எழுதலாம். இந்தியாவில் பணம் வாங்கிய நிறுவனம் ஏமாற்றினால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் அங்கே அலைய வேண்டியதில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியே பதியலாம். பணம் கட்டிய ரசீது, பயணத் திட்டம், மின்னஞ்சல்கள், வாசலில் தனியாகக் கட்டிய கட்டணச் சீட்டு எல்லாவற்றையும் இணையுங்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும்.