மூளைப் படமும் மூடுபனியும்

கேமரன் மலையில் கியா பார்ம் சந்தைக்குப் போய் வந்தவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். படிப்படியாகத் தோட்டங்கள் தெரியும். சற்று நேரத்தில் மூடுபனி வந்து மறைத்துவிடும். பனியில் எடுத்த படத்தை, வெயிலில் எடுத்த படத்தின் மேல் வைத்துப் பொருத்தச் சொன்னால் என்ன செய்வோம்? மலையின் விளிம்பு தெரியும் இடத்தில் சரியாகப் பொருத்திவிடலாம். வெறும் வெள்ளையாக இருக்கும் இடத்தில் ஊகம்தான்.

எம்.ஆர்.ஐ. மூளைப் படங்களிலும் இதே சிக்கல்தான். ஒருவர் மூளையைப் போல இன்னொருவர் மூளை இருப்பதில்லை. அதனால் ஒவ்வொரு படத்தையும் கணினி திருப்பி, நீட்டி, சுருக்கி, ஒரு பொதுவான மாதிரிப் படத்தோடு பொருத்துகிறது. பிறகுதான் எந்தப் பகுதி பெரியது, எது சுருங்கியது என்று ஒப்பிட முடியும்.

இதில் இரண்டு வகைப் பிழைகள் உண்டு. முதலாவது, இரைச்சலால் வருவது. நோயாளி அசைந்தாலும், கருவியின் மின்னலைகளில் ஏற்ற இறக்கம் வந்தாலும் படம் கலங்கும். கலக்கம் கூடக் கூடப் பொருத்தமும் தடுமாறும். இதற்கு மருந்து, திரும்பத் திரும்பப் படமெடுத்துச் சராசரி காண்பது. கனடாவின் மாண்ட்ரியலில் ஒரே மனிதரை 27 முறை படமெடுத்துச் சராசரியாக்கி, 1998ல் வெளியிட்டார்கள். 27க்கு வர்க்கமூலம் ஏறக்குறைய 5. இரைச்சலும் அந்த அளவில் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும்.

இரண்டாவது பிழை அப்படிக் குறையாது. மாதிரிப் படமே வேறு மக்களுடையது என்றால் என்ன செய்வது? 1988ல் பிரான்சின் தலைராக், டூர்னூ ஆகியோர் வெளியிட்ட மூளை வரைபடம், 60 வயதுப் பெண் ஒருவரின் மூளையை வைத்து வரையப்பட்டது. பின்னர் மாண்ட்ரியலில் 305 பேர், 152 பேர் என்று சராசரிப் படங்கள் வந்தன.

2019ல் ஹைதராபாத் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தின் ஜெயந்தி சிவசாமி குழுவினர், 21 முதல் 30 வயதுள்ள 100 இந்தியர்களின் படங்களிலிருந்து ஒரு மாதிரியை உருவாக்கினார்கள். சராசரி இந்திய மூளை, மேற்கத்திய மாதிரியைவிட நீள, அகல, உயரத்தில் சிறியது என்று தெரிந்தது. இது அறிவின் அளவல்ல. வெறும் உருவ அளவுதான். ஆனால் மறதி நோயைக் கண்டறிய மூளைச் சுருக்கத்தை அளக்கும்போது இது முக்கியம். தவறான அளவுகோலை வைத்தால், நலமாக இருக்கும் நம் பாட்டியின் மூளைகூடச் சுருங்கியதாகத் தோன்றலாம்.

வயதும் கணக்கில் வரவேண்டும். பெங்களூரின் நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் 2020ல் 6 முதல் 60 வயது வரை ஐந்து மாதிரிகளைத் தந்தது அதனால்தான்.

எம்.ஆர்.ஐ. அறையில் அசையாமல் படுத்திருந்தால் முதல் பிழை குறையும். இரண்டாவது பிழை குறைய, நலமாக இருப்பவர்களும் ஆய்வுக்கு முன்வந்து படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பனி விலகினாலும், வேறு மலையின் படம் கேமரன் மலைக்குப் பொருந்தாதல்லவா?